பொங்கலுக்கு வெள்ளை, ஐப்பசிக்கு ஒழுகல்

மார்கழி பாதி கடந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெயின்டருக்குக் கிராக்கி வந்துவிடும். பொங்கலுக்குள் முடித்துத் தர வேண்டும் என்று நான்கு வீட்டில் முன்பணம் வாங்கியவர் எந்த வீட்டிலும் முழுநாள் நிற்பதில்லை. சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷனும் பூசி போகிக்கு முதல் நாள் மாலை ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தை முதல் நாள் வீடு பளபளக்கும். பங்குனி வாக்கில் அதே சுவரில் கொப்புளம் கிளம்பும், கை வைத்தால் உரியும், அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். குற்றம் பெயின்டர் மேலும் பெயின்ட் கம்பெனி மேலும் விழும். உண்மையில் குற்றவாளி நாள்காட்டி.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. வெளிப்பக்கம் தொட்டால் உலர்ந்தது போலத் தெரியும். செங்கல்லுக்குள் ஈரம் இருக்கும். எமல்ஷன் ஈரத்தை எளிதில் வெளியே விடாத மெல்லிய படலம். வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். வழியில்லாமல் படலத்தைத் தூக்கும். சிமென்டிலும் செங்கல்லிலும் கரைந்த உப்பு அந்த நீரோடு வந்து மேற்பரப்பில் படியும். எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் முன்னோர் அறியாமல்தான் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களா? இல்லை. அவர்கள் வீடு வேறு. மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கீற்றுக் கூரை அல்லது நாட்டு ஓடு. அடைமழையில் மண் சுவரின் அடிப்பகுதி கரையும், திண்ணை ஓரம் இடியும், கூரை நைந்துபோகும். மழை நின்றதும் சேதத்தைச் சரிசெய்தாக வேண்டும். அறுவடை முடிந்து கையில் காசும் வைக்கோலும் வரும் காலமும் அதுவே. நீர்த்த சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும். அதன் நுண்துளைகள் வழியே சுவர் மெல்ல உலர்ந்துகொள்ளும். ஆகவே மண் வீட்டுக்குப் பொங்கல் பராமரிப்பு முற்றிலும் பொருந்தியது. அந்த வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட்டும் சிமென்டுப் பூச்சும் எமல்ஷனும் கொண்டு வந்தவர்கள், பராமரிக்கும் மாதத்தை மட்டும் பழைய வீட்டிலிருந்து அப்படியே எடுத்து வந்துவிட்டார்கள். இன்றைய வீட்டு உடைமையாளரின் செலவில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே பிறக்கிறது.

கான்கிரீட் வீட்டுக்கு எது சரியான மாதம் என்பதை மழைக்கணக்கு சொல்லும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அது தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20, அதாவது ஐப்பசியின் முதல் சில நாட்கள். இந்த மழை ஆண்டு முழுக்கப் பரவி விழுவதில்லை, சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் தாம்பரத்து மாடி ஒன்று ஒரே நாளில் 45,000 லிட்டருக்கு மேல் இறக்கியிருக்கும். வேப்பிலையும் பாலித்தீன் பையும் அடைத்த ஒற்றைக் குழாய் வழியாக இத்தனையும் இறங்க முடியாது. எனவே ஆண்டின் முக்கிய வேலைகள் புரட்டாசி பாதிக்குள் முடிந்திருக்க வேண்டும். நீர்க்கசிவுக்கான பூச்சு வேலைகள் இன்னும் முன்பே, வைகாசி முதல் ஆடி வரை. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடிமழை அடிக்கடி வரும். காலையில் பூசிய கலவை மாலையில் கரைந்தோடும்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமும் பெய்யும். நாகர்கோவில்காரர் மே மாத இறுதிக்குள் ஓட்டைப் பார்த்துவிட வேண்டும், பிறகு செப்டம்பரில் மறுமுறை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கே முதன்மை. ஊட்டியில் மழையைத் தாண்டி இன்னொரு எதிரி உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகளில் தோட்டச் செடிகள் கருகிவிடும். அங்கே செடிகளைக் கிளைகளாலோ துணியாலோ இரவில் மூடிவைத்துக் காலையில் திறக்கிறார்கள். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் எதிரே இருக்கும் ஊர்களுக்கு ஆடிக் காற்றுதான் முதல் சோதனை. தகரக் கூரையின் போல்ட்டையும் சூரியத் தகட்டின் தாங்கியையும் அங்கே ஆனியிலேயே முடுக்கிவிடுவது நல்லது.

மழைக்கு முந்தைய வேலைக்கு ஒரே விதி, தண்ணீர் இறங்கும் வழியிலேயே இறங்கி வருவது. மாடியில் தொடங்கி, சன்ஷேட், சுவர், வாசல், தொட்டி, தெருச் சாக்கடை என்று முடிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே வரவேற்பறைச் சுவரில் ஈரத் திட்டு தெரிந்ததும் அந்தத் திட்டின் மேலேயே ரசாயனம் பூசுகிறார்கள். கசிவின் தொடக்கம் பத்தடி தள்ளி, மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் இருக்கும்.

மொட்டை மாடியில் நீர் புகும் இடங்கள் பெரும்பாலும் எண்ணிவிடக் கூடியவை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முதலாவது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் தளம் அந்த இணைப்பில்தான் பிளக்கும். மழைநீர்க் குழாயின் வாய் இரண்டாவது. குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை விரிசல் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது வகை, வீட்டுக்காரர் கையாலேயே போட்ட ஓட்டைகள். டிஷ் ஆன்டெனா, ஏசியின் வெளி யூனிட், துணிக்கொடிக் கம்பி, சூரியத் தகட்டுத் தாங்கி ஆகியவற்றுக்காகத் தளத்தைத் துளைத்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். நான்காவது, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆண்டு முழுதும் சொட்டும் வால்வு. கோடையிலும் காயாத ஈரம் தெரிந்தால் மழையைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த வால்வைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு பறவைகள் விதைத்த மரங்கள். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இலை பார்த்ததும் கிள்ளி எறிந்தால் வேர் உள்ளேயே தடித்து, அடுத்த ஆண்டு இரண்டு கிளையாக வரும். இடுக்கைக் கொத்தித் திறந்து வேரை முழுதாக எடுத்து, பிறகு கலவை வைத்து அடைக்க வேண்டும். கன்று விரல் அளவு இருக்கும்போது இது கொத்தனாருக்கு அரைமணி நேர வேலை.

கசிகிறதா என்று உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் கட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டு, கீழே கூரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. 1,000 சதுர அடியில் இரண்டு அங்குலம் என்றால் 4,700 லிட்டர், அதாவது நாலே முக்கால் டன் எடை. நல்ல நிலையிலுள்ள கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், கம்பி தெரியுமளவு கான்கிரீட் உதிர்ந்த வீடுகளிலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

தளத்தின் மேல் என்ன போடுவது என்பதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறை சுருக்கி: செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பலகையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பது. வெப்பத்தையும் தடுக்கும், தண்ணீரையும் வழியவைக்கும், பல பத்தாண்டு நிற்கும். நேர்த்தியாகச் செய்ய ஆள் கிடைப்பதுதான் அரிது. புதிய முறை பிரஷ்ஷால் பூசும் ரப்பர் போன்ற பூச்சு. ஒரே நாளில் முடியும், விரிசலோடு சேர்ந்து நீளும். ஆனால் வெயிலில் சில ஆண்டுகளில் நைந்துவிடும் என்பதால் திரும்பப் பூச வேண்டும். ஈரத் தளத்தில் ஒட்டவே ஒட்டாது. ஐப்பசியில் ஒழுகத் தொடங்கிய பிறகு அவசரமாகப் பூசப்படுபவை வீணாவதற்குக் காரணம் இதுதான். அப்போது செய்யக்கூடியது ஒன்றே: தண்ணீர் தேங்காமல் கூட்டித் தள்ளிவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது. வைகாசியில் கொத்தனார் வரும்போது அந்தப் படங்கள் அவருக்குப் பாதி வேலையை மிச்சமாக்கும்.

மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் போகுமிடம் அடுத்தது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டிலேயே இவ்வளவு விரிவாக அதைச் செய்த முதல் மாநிலங்களில் ஒன்று. சென்னையில் சேகர் ராகவன் போன்றோர் அதற்கு முன்பிருந்தே வீடு வீடாக இதைப் பேசிவந்தவர்கள். சட்டத்துக்குப் பயந்து அன்று தோண்டிய குழிகள் பல இன்றும் இருக்கின்றன, வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி. கூழாங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கிய குழியில் மேல் மணலில் வண்டல் படிந்துவிட்டால் அதன் பிறகு நீர் இறங்காது, வழிந்து தெருவுக்குப் போகும். ஆவணியில் மேல் மணலை வழித்தெடுத்துக் கழுவியோ மாற்றியோ போட்டால் போதும். முதல் மழையின் நீர் ஆறு மாதத் தூசியையும் காக்கை எச்சத்தையும் சுமந்து வரும். அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்ப ஒரு வால்வு தேவை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தபோது, கிணற்றைக் காப்பாற்றி வைத்திருந்த தெருக்கள் சற்று நிம்மதியாக இருந்தன.

ஆனால் குழியைச் சுத்தம் செய்பவரே முற்றம் முழுக்கச் சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பார். சேறு இருக்காது, கூட்ட எளிது, காரை நிறுத்தலாம், காரணங்கள் நியாயமானவை. விலை மழையில் தெரியும். மண்ணுக்குள் போகவேண்டிய நீர் முழுதும் வாசலுக்கு ஓடி, தெரு மேடாகியிருந்தால் வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு அப்படியே இருக்கிறது. காரின் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் கல் பதித்து, மற்ற இடத்தில் மண்ணை விட்டுவைப்பது செலவும் குறைவு.

தரைத்தொட்டிக்கு முக்கியம் மூடியின் உயரம். தெருநீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேலே ஒரு விளிம்பு கட்டி, கனமான மூடி போட வேண்டும். மோட்டாரும் அதே உயரத்தில் இருக்கட்டும். வெள்ளநீர் புகுந்துவிட்டால் முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பிய பின் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரைமணி நேரமாவது விட வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை மழைக்கு முன்பே லாரி வரவழைத்து எடுத்துவிடுவது முறை. தரை முழுக்க நீர் ஊறிய பிறகு காலி செய்தால் பிளாஸ்டிக் தொட்டிகள் மேலே மிதந்து குழாய்களை முறிப்பதுண்டு. மனிதரைத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நச்சுக்காற்றில் சாவு நொடிகளில் வரும். இதில் பேரம் பேச எதுவுமில்லை.

மரங்கள் விஷயத்தில் தமிழ்நாடு இரண்டு பாடங்களைச் சிரமப்பட்டுக் கற்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்று அகன்று படர்ந்த, எளிதில் முறியும் மரங்கள் நிறைய விழுந்தன. நடைபாதைக் கல்லும் சிமென்டும் அடிமரம் வரை இறுக்கியிருந்ததால் வேர் விரிய இடமில்லாத மரங்கள் வேரோடு பெயர்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரைகடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. அவ்வளவு வேகக் காற்றுக்கு முன் வீட்டுக்காரர் செய்யக்கூடியது குறைவே. ஆனாலும் வேலை இருக்கிறது.

முற்றிய தேங்காயையும் காய்ந்த மட்டையையும் புயல் அறிவிப்பு வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். தலைக்கனம் குறையும், கூரையில் விழுந்து சேதம் செய்வதும் குறையும். பச்சை மட்டைகளை வெட்டக்கூடாது, மரம் சத்திழந்து போகும். ஆள் ஏறியிருக்கும்போதே குருத்தருகே காண்டாமிருக வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து போடலாம். முருங்கை காற்றில் முதலில் முறியும் மரம். அதைப் புரட்டாசியில் மார்பளவுக்கு வெட்டிவிட்டால் பிறகு தழைத்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். வெட்டிய கிளைகளில் நல்லதாகப் பார்த்து மழைக்குள் போத்து நட்டுவிடலாம். மாமரத்தின் ஒரு பக்கக் கிளைகளை மட்டும் மின்கம்பிக்காகக் கழித்துவிட்டு அடுத்த பக்கத்தை விட்டுவிடுவது வழக்கம். எடை ஒருபுறமாகச் சாய்ந்த அந்த மரம் அடுத்த புயலில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. மின்கம்பியைத் தொடும் கிளையை வீட்டு ஏணியும் அரிவாளும் கொண்டு வெட்டவே கூடாது, மின்வாரியத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

புயலுக்கு முதல் நாள் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைப்பது இரட்டை லாபம். காலியான பிளாஸ்டிக் தொட்டி காற்றில் பறக்கும். நிரம்பிய தொட்டி நகராது, மின்சாரம் இல்லாத நாட்களுக்குத் தண்ணீரும் ஆகும். மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, பழைய தகரம், உடைந்த நாற்காலி எல்லாம் கீழே இறங்கியாக வேண்டும்.

மழை பெய்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று மாதமும் வீட்டின் சவால் உயிரினங்கள். முதல் நல்ல மழைக்கு மறுநாள் மாலை விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும்; கிராமத்தில் பிடித்து வறுத்துத் தின்பார்கள். வெளியிலிருந்து வந்தால் கவலை இல்லை. ஜன்னல் உள்பக்கம் சிறகுகள் குவிந்திருந்தால், கதவுநிலை இடுக்கிலிருந்தே ஈசல் கிளம்பினால், கரையான் புற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். சுவரில் ஏறும் மண்கோட்டைத் தட்டிவிட்டுத் திருப்திப்படுவது பயனற்றது. தரையும் சுவரும் சேருமிடத்தில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் ஆட்களிடம் விட வேண்டிய வேலை அது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை எல்லாக் கலங்களையும் காலி செய்யச் சொல்கிறார்கள். பலர் தவறவிடும் செய்தி, அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் கொண்டு தேய்க்க வேண்டும். கொல்லையில் சாத்திய ஆட்டுக்கல்லின் குழி, பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, சிரட்டை, பழைய டயர், யாரும் எட்டிப் பார்க்காத சன்ஷேட்டின் மேற்புறம் ஆகியவை அதன் வழக்கமான முகவரிகள்.

பாம்பு பற்றிய நம்பிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஓரம்கட்டிவிடலாம். சிறியாநங்கை நட்டால் வராது, வெள்ளைப்பூண்டு நசுக்கித் தெளித்தால் வராது, பினாயில் ஊற்றினால் வராது என்பவற்றுக்கு ஆதாரமில்லை. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் ஒதுங்குமிடத்துக்கும். சுவரோடு சாய்த்த விறகு, மீந்துபோன செங்கல் குவியல், வீடு கட்டி முடித்த பின்னும் எடுக்காத ஜல்லி மூட்டை ஆகியவற்றை மழைக்கு முன் அகற்றி, கதவின் அடி இடைவெளியை அடைத்து, சாக்கடைக் குழாய் வாயில் வலை போட்டால் வரவு பெரிதும் குறையும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது அதிகம், கடித்த இடத்தில் வலியும் தடிப்பும் பெரிதாக இருப்பதில்லை. கட்டிலும் நன்கு செருகிய கொசுவலையும் உண்மையான பாதுகாப்பு. கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல் அரசு மருத்துவமனைக்குப் போவதே வழி. அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைச் சேகரித்துத் தருவோரில் முக்கியமானவர்கள், 1978இல் தொடங்கப்பட்ட, சென்னையை அடுத்த வடநெம்மேலியின் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்.

ஈரச் சுவரில் படரும் ஆப்பிரிக்கப் பெருநத்தைகளையும் முருங்கைத் தண்டில் கூட்டமாய் அப்பும் கம்பளிப்பூச்சிகளையும் வெறுங்கையால் தொடாதிருக்க வேண்டும். நத்தையின் மேல் உப்பைக் கொட்டும் பழக்கம் நத்தையோடு தோட்ட மண்ணையும் கெடுக்கும். பொறுக்கி உப்பு நீர் வாளியில் போடுவதே மேல்.

தை பிறந்ததும் என்ன செய்வது? சுத்தம் செய்யலாம், பரணை ஒழிக்கலாம், கதவு ஜன்னல்களின் கீலுக்கு எண்ணெய் போடலாம். கழிந்ததை எரிக்கும்போது டயரும் பிளாஸ்டிக்கும் தீயில் போகக்கூடாது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து மூடி, விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. வெள்ளையடிக்கும் ஆசை இருந்தால் சுண்ணாம்பு அடிக்கட்டும், தவறே இல்லை. எமல்ஷன் என்றால் ஒரு சோதனை: அரை மீட்டர் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு புறமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். உள்பக்கம் நீர்முத்து கட்டியிருந்தால் சுவர் தயாரில்லை. மாசி கடைசி, பங்குனி வரை பொறுத்தால் அதே பெயின்டரைக் குறைந்த கூலிக்கு, முழுநாள் வேலைக்குப் பிடிக்கலாம். தைப் பட்டத்தில் கீரையும் வெண்டையும் விதைக்கும் வேலை இடையில் இருக்கவே இருக்கிறது. பந்தல் காய்களான பீர்க்கு, புடலை, பாகல், அவரைக்கு ஆடிப் பட்டம் காத்திருக்கும்.

கோடையின் பட்டியல் குறுகியது. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் உறிஞ்சிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்கும். தளத்தில் வெள்ளை அடிப்பது மலிவான மருந்து. 2010இன் கடும் வெப்ப அலையில் பலரை இழந்த அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் கூரைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்தது. சித்திரைக்கு முன் அடிக்கும் வெள்ளைதான் கான்கிரீட் வீட்டில் உண்மையிலேயே காலத்தோடு அடிக்கும் வெள்ளை. தூசி படிந்தால் பயன் குறையும், இடையில் ஒருமுறை கழுவ வேண்டும்.

கோடையில் மறக்கப்படுவது எர்த் குழி. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த அந்தக் குழி காய்ந்துவிட்டால் மின்கசிவு மண்ணுக்குள் இறங்காது. மாசியிலிருந்து வாரத்துக்கு ஒரு வாளி நீர் ஊற்றுவது போதும். மீட்டர் பலகையில் உள்ள 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். டக்கென்று விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிட வேண்டும், மழை வரும்வரை ஒத்திப்போடக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வடிநீர் சேர்க்கும் காலமும் இதுவே.

ஆடியிலும் புரட்டாசியிலும் புதுமனை புகுவதில்லை, கடைக்கால் தோண்டுவதில்லை என்ற வழக்கத்தால் புதுக்கட்டட வேலைகள் சற்று மந்தமாகும். பழுது பார்க்க நல்ல நாள் தேவையில்லை என்பதால், அந்த மாதங்களில் நல்ல கொத்தனார் பழைய வீட்டுக்கு எளிதில் கிடைப்பார். தீபாவளிக்கு முன் வரும் போனஸுக்குக் காத்திருந்து வேலை தொடங்குபவர் அநேகமாக மழையில்தான் தொடங்குவார்.

அடுக்ககங்களில் சிக்கல் பணத்தைவிட மனிதர்களில். மாடி ஒழுகினால் பாதிக்கப்படுவது மேல்தள வீடு ஒன்றுதான். மற்றவர்களுக்கு அது அவர் வீட்டுப் பிரச்சினை. கூரை எல்லோருக்கும் பொதுவானது என்பதே சட்டத்தின் நிலை, பழுதுச் செலவும் அப்படியே. சங்கக் கூட்டத்தை வழக்கமான ஏப்ரலில் நடத்தும்போதே மாடிக்கான தொகையை ஒதுக்கிவிட்டால் ஜூனில் வேலை தொடங்கும். ஒழுகிய பின் கூடும் அவசரக் கூட்டங்களில் பெரும்பாலும் பழைய ஒப்பந்தக்காரரைத் திட்டுவதோடு நேரம் முடிந்துவிடும்.

வாடகை வீட்டில் யார் எதைச் செய்வது என்பதற்கும் எழுத்தில் விதி இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணை, கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, குழாய் மாற்றல், வெளி மின்கம்பி ஆகியவற்றை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடையைச் சுத்தம் செய்வது, ஸ்விட்ச், பிளக் பழுது, தோட்டத்தையும் திறந்த வெளியையும் பேணுவது வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதன்படி. ஆகப் புரட்டாசியில் மாடிக் குழாயின் வாயை அடைத்த இலையை எடுப்பது குடியிருப்பவர் வேலை. அந்தக் குழாயைச் சுற்றிய விரிசலை அடைப்பது வாடகை வாங்குபவர் வேலை.